அத்தியாயம் 7: ஏஜென்ட் படிக்கும் கையேடு

மருந்தாய்வுக்கு வந்த ஒருவர் ஆரம்பத் தகுதிப் பரிசோதனையிலேயே வெளியேறிவிட்டார். அவருக்கு எந்தச் சிகிச்சைப் பிரிவும் ஒதுக்கப்படவில்லை. பங்கேற்பாளர்களின் அடிப்படை விவரங்களைக் கொண்ட டிஎம் தரவுத்தொகுப்பில் ஆர்ம்சிடி என்ற மாறியில் அவருக்கு என்ன எழுத வேண்டும்?

இந்தத் துறையில் பழகியவரிடம் கேட்டால், விடை சொல்வதற்கு முன் "எந்தப் பதிப்பு?" என்று கேட்பார். எஸ்டிடிஎம் நடைமுறைக் கையேட்டின் 3.2-ஆம் பதிப்பு என்றால் 'ஸ்க்ரன்ஃபெயில்' என்று எழுத வேண்டும். 3.3 என்றால் அந்த இடத்தைக் காலியாக விட்டு, காரணத்தை ஆர்ம்என்ஆர்எஸ் என்ற புதிய மாறியில் குறிக்க வேண்டும். முதலாவது 2013-இல் வந்தது, அடுத்தது 2018-இல். இரண்டையும் பின்பற்றிய ஆய்வுகள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன.

மொழி மாடலிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் எதையும் திருப்பிக் கேட்காது. பயிற்சியின்போது இரண்டு பதிப்புகளையும் அவற்றைப் பற்றிய கருத்தரங்கக் கட்டுரைகளையும் சேர்த்தே படித்திருக்கும் என்பதால், அதிகம் கண்ணில் பட்டதைத் தயக்கமில்லாமல் சொல்லிவிடும். அதனால்தான் ஏஜென்ட்டின் கையில் தேடும் கருவி ஒன்றைக் கொடுக்கிறோம். ஆனால் கருவியைக் கட்டி முடித்த நிரலாளர்கள் பலர், அதைப் பற்றிய விளக்கத்தைக் கடைசி அரைமணியில் ஒப்புக்கு எழுதி வைக்கிறார்கள். அந்த விளக்கம் சரியில்லையென்றால் ஏஜென்ட் கருவியைத் தொடாது. தொட்டாலும் தவறான பதிப்பில் தேடிவிட்டு, சரிபார்த்த தோரணையில் பதில் சொல்லும். சரிபார்க்காத பதிலைவிட இது மோசம். இந்த அத்தியாயம் அந்த விளக்க வரிகளைப் பற்றியது.

எதைத் தேடுகிறோம்

எடுத்துக்காட்டுக்குச் சிடிஸ்க் தரநிலைகளை எடுத்துக்கொள்கிறேன். 1997-இல் தொடங்கிய இந்த அமைப்பு, மருந்தாய்வுத் தரவு எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்று வகுக்கிறது. படிவத்தில் தரவைச் சேகரிக்க சிடாஷ், தொகுத்துச் சமர்ப்பிக்க எஸ்டிடிஎம், பகுப்பாய்வுக்கு ஏடாம் என்று அடுக்கடுக்காகப் போகும். 2016 டிசம்பர் 17-க்குப் பிறகு தொடங்கிய ஆய்வுகளை வைத்து மருந்துக்கு ஒப்புதல் கேட்பவர்கள் எஸ்டிடிஎம், ஏடாம் வடிவங்களிலேயே தரவைத் தர வேண்டும் என்று அமெரிக்க எஃப்டிஏ கட்டாயமாக்கியது. ஜப்பானின் பிஎம்டிஏ 2020 ஏப்ரலிலிருந்து கட்டாயமாக்கியது. சென்னையிலும் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் எஸ்ஏஎஸ் எழுதிக்கொண்டிருக்கும் பல நிரலாளர்களின் அன்றாடமே இதுதான். இதைப் படிப்பவர்களில் பாதிப் பேராவது அவர்களாக இருப்பீர்கள் என்பது என் ஊகம்.

தரநிலைகள் சிடிஸ்க் நூலகம் என்ற ஏபிஐ வழியாகக் கிடைக்கின்றன. பதிவு செய்து சாவி வாங்கிக்கொள்ள வேண்டும். மாறிகளில் எழுத அனுமதிக்கப்பட்ட சொற்களின் பட்டியலை, அதாவது கட்டுப்படுத்தப்பட்ட சொற்றொகுதியை, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் குறிப்பிட்ட இடைவெளிகளில் வெளியிடுகிறது. இவை இரண்டும் தனித்தனியாகப் பதிப்பிக்கப்படுகின்றன. பின்னால் வரப்போகும் குழப்பங்களில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

மருத்துவமனைப் பதிவேடுகளின் பக்கம் வேலை செய்பவர்களுக்கு ஃபயர், லோயிங்க், ஸ்னோமெட் சிடி என்று பெயர்கள் மாறும். இந்தியாவின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் ஃபயர் ஆர்4-ஐ அடிப்படையாகக் கொண்டிருக்கிறது. இங்கே சொல்லும் முறை அதற்கும் பொருந்தும்.

படிப்பவர் யார்

மனிதருக்கு எழுதும் கையேட்டில் ஒரு சௌகரியம் உண்டு. புரியாவிட்டால் பக்கத்து மேசைக்காரரிடம் கேட்பார், பழைய மின்னஞ்சலைத் தோண்டுவார், உங்களையே கூப்பிடுவார். ஏஜென்ட்டுக்கு இந்த வழிகள் கிடையாது. கருவியின் பெயர், நாலைந்து வரி விளக்கம், உள்ளீடுகளின் ஜேசன் வரையறை ஆகிய மூன்று மட்டுமே அதன் கண்ணுக்குத் தெரியும். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி நெறிமுறையைப் பயன்படுத்தினாலும் சரி, வேறு வழியில் கருவியை இணைத்தாலும் சரி, நிலைமை ஏறக்குறைய இதுதான். கிட்ஹப்பில் நீங்கள் அழகாக எழுதி வைத்த ரீட்மீ கோப்பை யாராவது எடுத்துக் கொடுத்தாலொழிய அது பார்க்காது.

விளக்கத்தில் இடம் விட்டால், ஏஜென்ட் அந்த இடத்தைத் தன் நினைவிலிருந்து நிரப்பிக்கொள்ளும். பொதுவான விஷயங்களில் இது பரவாயில்லை. தரநிலைக் குறியீடுகளில் ஆபத்து. உயிர்க்குறி அளவீடுகளில், ரத்த அழுத்தத்தின் சுருக்கழுத்தத்துக்கான குறியீடு சி25298, விரிவழுத்தத்துக்கு சி25299. கடைசி இலக்கம் ஒன்று பிசகினால் பிழை எதுவும் எழாது. முறையான, நிஜமான, வேறொரு பொருள் கொண்ட குறியீடு கிடைக்கும். லோயிங்க் எண்ணில் கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் உண்டு. சுருக்கழுத்தத்தின் 8480-6 என்பதில் அந்த 6, முன்னால் உள்ள நான்கு இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வருவது. ஸ்னோமெட் எண்களிலும் இப்படியொரு காவல் இருக்கிறது. புற்றுநோய்க் கழகத்தின் 'சி' எண்களில் இல்லை. ஆகவே நினைவிலிருந்து எழுதிய சி-குறியீட்டைப் பார்த்த மாத்திரத்தில் பிடிக்க வழியே கிடையாது, தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். விளக்கத்தின் முதல் இரண்டு வரிகளுக்குள் இதைச் சொல்லிவிடுங்கள்: குறியீடு எதையும் நினைவிலிருந்து எழுதாதே, தெரிந்ததுபோல் தோன்றினாலும் இந்தக் கருவியில் பார்.

நீளம் பற்றியும் ஒரு வார்த்தை. கருவி விளக்கங்கள் எல்லாம் உரையாடல் முழுக்க மாடலின் முன் கிடக்கின்றன. அதனால் சிலர் ஒரே வரியில் முடித்துக்கொள்கிறார்கள். நான் அந்தக் கட்சி அல்ல. பத்துப் பன்னிரண்டு வரி விளக்கத்துக்கு ஆகும் செலவு, தவறான அழைப்புகள் மூன்றுக்கு ஆகும் செலவைவிடக் குறைவு.

எத்தனை கருவிகள்

சிடிஸ்க் நூலகத்தின் ஏபிஐ படிநிலையாக அமைந்தது. தரநிலை, அதற்குள் பதிப்பு, அதற்குள் தரவுத்தொகுப்பு, அதற்குள் மாறி என்று முகவரி நீண்டுகொண்டே போகும். ஒவ்வொரு பதிலிலும் அடுத்த படிக்கான இணைப்புகள் இருக்கும். ஏபிஐயில் எத்தனை முகவரிகள் உண்டோ அத்தனை கருவிகளை அப்படியே ஏஜென்ட்டிடம் கொடுப்பதுதான் இங்கே எல்லோருக்கும் வரும் முதல் ஆசை. தானாக உருவாக்கித் தரும் மென்பொருள்களும் இருக்கின்றன. வேண்டாம். ஒரு மாறியின் விவரத்தைப் பெற நான்கு படி இறங்க வேண்டியிருந்தால், இரண்டாவது படியிலேயே ஏஜென்ட் குறுக்குவழி தேடும்.

கருவிகளைக் கேள்விகளை வைத்துப் பிரியுங்கள். தரவு மேலாளர்களும் நிரலாளர்களும் கேட்பவற்றை ஒரு வாரம் குறித்து வைத்தால் அவை சில வகைகளுக்குள் அடங்கிவிடுவதைப் பார்ப்பீர்கள். இந்த மாறி என்ன, கட்டாயமா? இந்தப் பட்டியலில் என்னென்ன சொற்கள் உண்டு? இந்தச் சொல் செல்லுமா? இரண்டு பதிப்புகளுக்கிடையே என்ன மாறியது? நான்கு கேள்விக்கு நான்கு கருவி. ஃபயர் உலகத்தில் இதை ஏற்கெனவே செய்துவிட்டார்கள். குறியீட்டின் விவரம் கேட்க லுக்கப், செல்லுமா என்று கேட்க வேலிடேட்-கோட், பட்டியலை விரிக்க எக்ஸ்பேண்ட் என்று செயல்கள் தனித்தனியாக உள்ளன. அந்தப் பிரிவினையைக் கண்ணை மூடிக்கொண்டு காப்பியடிக்கலாம்.

பெயரில் சிக்கனம் பார்க்காதீர்கள். 'தேடு' என்று ஒரு கருவி இருந்தால், அதே ஏஜென்ட்டிடம் கோப்புகளைத் தேடவும் இணையத்தைத் தேடவும் வேறு கருவிகள் இருக்கக்கூடும். 'சிடிஸ்க்_மாறி_விவரம்', 'சிடிஸ்க்_சொல்_செல்லுமா' என்று நீட்டியே வையுங்கள்.

விளக்க வரிகள்

வழக்கமாக எழுதப்படும் விளக்கம் இப்படி இருக்கும்:

"சிடிஸ்க் நூலகத்திலிருந்து மாறியின் தகவலைப் பெறுகிறது. உள்ளீடு: தரநிலை, பதிப்பு, மாறி."

தவறு ஒன்றும் இல்லை. பயனும் இல்லை. எப்போது கூப்பிடுவது, எதை எதிர்பார்ப்பது, எது கிடைக்காது என்ற மூன்றுக்கும் விடை இல்லை. அதே கருவிக்கு இப்படி எழுதலாம். தமிழில் தருகிறேன், உங்கள் கோப்பில் ஆங்கிலத்தில் இருக்கும்:

"எஸ்டிடிஎம் நடைமுறைக் கையேட்டில் உள்ள ஒரு மாறியின் பெயர், முழுத் தலைப்பு, வகை, கட்டாய நிலை, அதற்குரிய சொற்பட்டியலின் குறியீடு ஆகியவற்றைத் தருகிறது. மாறியின் பெயரோ கட்டாய நிலையோ பதிலில் இடம்பெறப் போகிறதென்றால், உனக்குத் தெரிந்தது போலிருந்தாலும், முதலில் இதைக் கூப்பிடு. கட்டாய நிலை மூன்று: தேவை என்றால் காலியாக விடக் கூடாது, எதிர்பார்க்கப்படுவது என்றால் மாறி இருக்க வேண்டும், மதிப்பு காலியாக இருக்கலாம், அனுமதி என்றால் தரவு சேகரிக்கப்பட்டிருந்தால் சேர்க்க வேண்டும். பதிப்பு தெரியாவிட்டால் ஊகிக்காதே, பயனரிடம் கேள். சொற்பட்டியலில் உள்ள சொற்களை இது தராது. அதற்கு 'சிடிஸ்க்_சொற்பட்டியல்' கருவி. மெட்ரா சொற்கள் இதில் இல்லை. ஏடாம் மாறிகளும் இல்லை."

கடைசி நான்கு வாக்கியங்களைக் கவனியுங்கள். என் அனுபவத்தில், கருவி எதைத் தராது என்று எழுதும் வரிகள்தான் அதிகம் உழைக்கின்றன. பாதகமான நிகழ்வு ஒன்றின் அகராதிச் சொல்லை ஏஇ தரவுத்தொகுப்பில் எழுதும்போது அது மெட்ரா அகராதியிலிருந்து வர வேண்டும். அந்தச் சொல்லைச் சிடிஸ்க் கருவியில் தேடினால் கிடைக்காது. எல்லையைச் சொல்லாமல் விட்டால், ஏஜென்ட் வேறு வேறு சொற்களைப் போட்டு ஐந்தாறு தடவை தேடிப் பார்க்கும். பிறகு 'இப்படியொரு சொல்லே இல்லை' என்று முடிவு கட்டும்.

அடிக்கடி குழப்பும் இணைகளையும் விளக்கத்திலேயே போட்டுவிடலாம். ஏஇசெவ் என்பது நிகழ்வு எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதைக் குறிக்கும்: லேசானது, நடுத்தரம், கடுமை. ஏஇசெர் என்பது மரணம், உயிராபத்து, மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை போன்ற ஒழுங்குமுறை அளவுகோலில் அது அடங்குகிறதா என்பதற்கு ஆம் அல்லது இல்லை. தாங்க முடியாத தலைவலி முதலாவதில் உச்சத்தில் இருந்தும் இரண்டாவதில் 'இல்லை' ஆகலாம். துறைக்குப் புதிதாக வருபவர்கள் முதல் மாதம் தடுமாறுவது இங்கேதான், மாடலும் தடுமாறுகிறது. ஆனால் இப்படிப்பட்ட இணைகளை எல்லாம் அடுக்கிக்கொண்டே போகாதீர்கள். ஏஜென்ட்டின் அழைப்புப் பதிவேட்டில் உண்மையிலேயே தவறு நடந்த இடங்களுக்கு மட்டும் வரி ஒதுக்குங்கள்.

உள்ளீடுகளுக்கும் இதே கவனம் வேண்டும். 'பதிப்பு: எழுத்துச்சரம்' என்று எழுதிவிட்டு நகர்ந்தால் ஏஜென்ட் '3.4' என்று அனுப்பும், ஏனென்றால் உலகம் முழுக்க அப்படித்தான் எழுதுகிறார்கள். சிடிஸ்க் நூலகத்தின் முகவரியில் அது '3-4', புள்ளிக்குப் பதில் கோடு. இதை விளக்கத்தில் எச்சரிக்கையாக எழுதுவதைவிட, இரண்டையும் ஏற்றுக்கொள்ளும்படி நிரலை மாற்றிவிடுங்கள். விளக்கத்தால் சரிசெய்வதற்கும் நிரலால் சரிசெய்வதற்கும் இடையே தேர்வு இருந்தால் எப்போதும் நிரல்தான். 'எச்சரிக்கை' என்று எழுதத் தோன்றும் ஒவ்வொரு வரியையும் எழுதுவதற்கு முன், நிரலிலேயே அதை விழுங்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிப்பு

பதிப்பை விருப்ப உள்ளீடாக வைத்து, கொடுக்காவிட்டால் ஆகச் சமீபத்தியதைத் தருவது நல்ல விருந்தோம்பல் போலத் தோன்றும். மருந்தாய்வுத் தரவில் அது கெடுதல். ஓர் ஆய்வு எந்தப் பதிப்பில் தொடங்கியதோ பெரும்பாலும் அதிலேயே ஓடும். ஆய்வுகள் ஆண்டுக்கணக்கில் நீள்பவை. எந்தப் பதிப்பு என்பது அந்த ஆய்வின் டிஃபைன்-எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். எஃப்டிஏ எந்தெந்தப் பதிப்புகளை ஏற்கிறது என்பதற்கு அவர்களுடைய தரவுத் தரநிலைப் பட்டியல் இருக்கிறது. 'சமீபத்தியது' என்பது இவை எதிலும் இல்லாத ஒரு பதிப்பு. இன்று ஒரு விடையும், அடுத்த வெளியீட்டுக்குப் பின் அதே கேள்விக்கு வேறு விடையும் கிடைத்தால், தணிக்கைக்கு வருபவரிடம் என்ன சொல்வீர்கள்? பதிப்பைக் கட்டாய உள்ளீடாக்குங்கள்.

இதில் ஒரு முடிச்சு உண்டு என்று மேலே சொன்னேன். கையேட்டின் பதிப்பு வேறு, சொற்றொகுதியின் பதிப்பு வேறு. முதலாவது 3.2, 3.3, 3.4 என்று எண்ணால் போகும். இரண்டாவது தேதியால் போகும்: எடுத்துக்காட்டாக 2023-12-15, 2024-03-29. ஓர் ஆய்வு கையேட்டின் 3.3-ஐயும் 2023 டிசம்பர் சொற்றொகுதியையும் சேர்த்துப் பயன்படுத்தலாம். 'பதிப்பு' என்ற ஒரே பெயரில் இரண்டு கருவிகளும் உள்ளீடு கேட்டால், ஏஜென்ட் ஒன்றில் கிடைத்த எண்ணை மற்றதில் போடும். ஆகவே ஒன்றுக்குக் 'கையேட்டுப்_பதிப்பு', மற்றதற்குச் 'சொற்றொகுதி_தேதி' என்று பெயரிடுங்கள். ஒவ்வொன்றின் விளக்கத்திலும் ஒரு மாதிரி மதிப்பைக் கொடுங்கள். மாடல்கள் விதியைவிட மாதிரியை விரைவாகப் பிடித்துக்கொள்ளும்.

எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது என்பதை ஒவ்வொரு பதிலிலும் திருப்பித் தரும்படி கருவியை அமையுங்கள். 'பயனருக்குச் சொல்லும் விடையில் இந்தப் பதிப்பையும் குறிப்பிடு' என்று விளக்கத்தில் ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள். நீண்ட உரையாடலில் பத்தாவது கேள்விக்கு வரும்போது முதல் கேள்வியின் பதிப்பு மாடலின் கவனத்திலிருந்து நழுவியிருக்கும். பதிலோடு ஒட்டிக்கொண்டு வந்தால் நழுவாது.

ஒரு சொல்லின் பல முகங்கள்

பாலினப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். பட்டியலின் குறியீடு சி66731. அதற்குள் ஆண் என்பதற்கான குறியீடு சி20197. தரவில் எழுத வேண்டியது 'எம்' என்ற ஒற்றை எழுத்து. இவை போக வழக்குப்பெயர், ஒருபொருட்சொற்கள், வரைவிலக்கணம் என்று உண்டு. கருவி இவை அனைத்தையும் திருப்பித் தரும்போது, தரவுத்தொகுப்பில் எதை எழுதுவது என்று விளக்கம் சொல்லவில்லையென்றால், ஏஜென்ட் மிக இயல்பாகத் தெரிவதை எடுத்துக்கொள்ளும். அதாவது முழுச் சொல்லை. பதிலின் புலத்துக்கே 'தரவில்_எழுத_வேண்டியது' என்று பெயர் வைத்தால் விளக்கமே தேவைப்படாது. இந்த விஷயத்தில் புலப்பெயர்கள் கையேட்டின் ஒரு பகுதிதான்.

இன்னொரு நுணுக்கம் அதிகம் பேசப்படுவதில்லை. உயிர்க்குறி அளவீட்டின் சுருக்கப்பெயர்களுக்கு ஒரு பட்டியல், சி66741. முழுப்பெயர்களுக்கு இன்னொரு பட்டியல், சி67153. சி25298 இரண்டிலும் இருக்கிறது. முதல் பட்டியலில் அதன் மதிப்பு 'சிஸ்பிபி', இரண்டாவதில் 'சிஸ்டாலிக் பிளட் பிரஷர்'. குறியீட்டை மட்டும் கொடுத்து 'தரவில் என்ன எழுதுவது' என்று கேட்டால் ஒரே விடை கிடையாது. எனவே குறியீட்டை மட்டும் வைத்துத் தேடும் கருவியைக் கட்டாதீர்கள். பட்டியலையும் சேர்த்துக் கேளுங்கள். ஏன் கேட்கிறோம் என்பதை விளக்கத்தில் ஒரு வரியில் சொல்லுங்கள். காரணம் தெரிந்தால் மாடல் நிபந்தனையை மதிக்கிறது. காரணம் சொல்லாத நிபந்தனையைச் சுற்றிப் போக வழி பார்க்கிறது.

அடுத்தது, பட்டியல்கள் இரண்டு வகை. சில மூடியவை. 'ஆம் - இல்லை' பட்டியலான சி66742-இல் நீங்களாக ஒரு சொல்லைச் சேர்க்க முடியாது. சில விரிவாக்கத்தக்கவை. அளவலகுகளின் பட்டியலான சி71620-இல் உங்கள் ஆய்வுக்குத் தேவையான அலகு இல்லையென்றால் சேர்த்துக்கொள்ள இடமுண்டு. 'இந்தச் சொல் செல்லுமா' என்ற கருவி இரண்டுக்கும் 'இல்லை' என்று ஒரே பதிலைத் தந்தால் அது பாதி உண்மை. மூடிய பட்டியலில் இல்லாதது தவறு. விரிவாக்கத்தக்க பட்டியலில் இல்லாதது, ஒருபொருட்சொல்லாக எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு, ஒரு மனிதர் முடிவெடுக்க வேண்டிய விஷயம். அந்த முடிவை ஏஜென்ட் எடுக்கக் கூடாது என்று விளக்கத்தில் வெளிப்படையாகவே எழுதுங்கள்.

கிடைக்கவில்லை என்றால்

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று போகலாம். மருந்துக் கடையில் சீட்டில் இருக்கும் மருந்து இல்லையென்றால் இல்லை என்று சொல்பவரும் உண்டு, 'இதுவும் அதேதான்' என்று வேறொரு அட்டையை நீட்டுபவரும் உண்டு. வெறும் காலிப் பட்டியலைத் திருப்பித் தரும் கருவி, ஏஜென்ட்டை இரண்டாவது ஆளாக்குகிறது. காலியாக வந்ததும் அது தன் நினைவுக்குத் திரும்பும். நினைவில் ஏதோ ஒன்று எப்போதும் இருக்கும்.

காலியாக வருவதற்குக் காரணங்கள் பல. கேட்ட பதிப்பில் அந்த மாறி இல்லாமல் இருக்கலாம். பெயரில் எழுத்துப்பிழை இருக்கலாம். ஏபிஐ சாவி காலாவதியாகியிருக்கலாம். சேவை தற்காலிகமாக விழுந்திருக்கலாம். முதல் இரண்டும் தரநிலையைப் பற்றிய உண்மைகள். பின்னிரண்டும் உங்கள் இணைப்பைப் பற்றியவை. இவற்றை ஒரே பிழைச் செய்திக்குள் அடைத்தால், சாவி காலாவதியான நாளில் 'அப்படியொரு மாறி தரநிலையில் இல்லை' என்று ஏஜென்ட் அறிவித்துவிடும்.

ஒவ்வொன்றுக்கும் தனிச் செய்தி எழுதுங்கள், செய்தியில் அடுத்து என்ன செய்வது என்பதையும் சேருங்கள்:

"ஆர்ம்என்ஆர்எஸ் என்ற மாறி கையேட்டின் 3.2-ஆம் பதிப்பில் இல்லை. 3.3 முதல் உண்டு. பயனரின் ஆய்வு எந்தப் பதிப்பு என்று உறுதிசெய்."

"நூலகத்தைத் தொடர்புகொள்ள முடியவில்லை. தரநிலையில் இருக்கிறதா இல்லையா என்பது தெரியவில்லை. நினைவிலிருந்து விடை சொல்லாதே. சரிபார்க்க முடியவில்லை என்று பயனரிடம் சொல்."

இந்தச் செய்திகளும் கையேடுதான், அதுவும் ஏஜென்ட் மிகக் கவனமாகப் படிக்கும் கையேடு. ஏனென்றால் தேவைப்படும் நொடியில் அது கண் முன்னால் வருகிறது. எம்சிபியில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு இருக்கிறது. கருவி தோற்றால், பிழை என்ற குறியுடன் அதைச் சாதாரணப் பதிலாகவே அனுப்பலாம், மாடல் அதைப் படித்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். நெறிமுறை மட்டத்துப் பிழையாக வீசினால் மாடலுக்கு அது போய்ச் சேருமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பதில் மிகப் பெரிதாக வருவதும் ஒருவகைத் தோல்விதான். ஆய்வகச் சோதனைகளின் பட்டியல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்டது. முழுவதையும் கொட்டினால் மாடலின் இடம் நிரம்பிவிடும். முதல் இருபதைத் தந்து நிறுத்தினால், 'மொத்தத்தில் இருபது மட்டும் காட்டப்பட்டது, சுருக்கித் தேடு' என்ற வரி பதிலிலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இருபதாவது சொல்லோடு பட்டியல் முடிந்துவிட்டதாக அது நினைத்துக்கொள்ளும்.

உரிமமும் நோயாளியும்

சிடிஸ்க் சொற்றொகுதியைக் கட்டணமில்லாமல் யாரும் எடுக்கலாம். மெட்ராவும், மருந்துப் பெயர்களுக்கான ஹூட்ரக் அகராதியும் உரிமம் பெற்றே பயன்படுத்த வேண்டியவை. ஸ்னோமெட் சிடியில் இந்தியா 2014 முதல் உறுப்பு நாடு என்பதால் இங்குள்ளவர்களுக்கு வழி எளிது, ஆனால் பதிவு செய்ய வேண்டும். உங்கள் கருவி உரிமமுள்ள அகராதியைத் தொடுகிறதென்றால், விளக்கத்தில் எழுதும் மாதிரிகளில்கூட அந்த அகராதியை அள்ளிப் போடாதீர்கள். கருவி விளக்கம் பல இடங்களுக்குப் பிரதியாகிப் போகும் பொருள்.

அதைவிட முக்கியமானது நோயாளியின் தகவல். தேடுவதற்கு ஒரு சொல் போதும். ஆனால் உதவி செய்யும் ஆர்வத்தில் ஏஜென்ட் சூழலையும் சேர்த்து அனுப்பும்: ஆய்வு எண், பங்கேற்பாளர் எண், நிகழ்வின் தேதி. இவை வெளிச் சேவை ஒன்றின் பதிவேட்டில் போய் உட்காரும். 'சொல்லை மட்டும் அனுப்பு, பங்கேற்பாளர் விவரம் எதையும் சேர்க்காதே' என்ற வரி விளக்கத்தில் இருக்கட்டும். அத்தோடு, உள்ளீட்டின் நீளத்துக்கு நிரலில் ஒரு வரம்பும் வையுங்கள். வரம்பு இல்லாத வரியை நான் நம்ப மாட்டேன்.

சோதித்துப் பார்த்தல்

விளக்கம் நன்றாக இருக்கிறதா என்பதை நீங்கள் படித்துப் பார்த்துச் சொல்ல முடியாது, கருவி உங்களுக்குத் தெரிந்தது. விடை உறுதியாகத் தெரிந்த கேள்விகளை எழுதி வைத்து, கருவியை முதன்முறை பார்க்கும் ஒரு புதிய உரையாடலில் ஓடவிடுங்கள். விடையை மட்டும் பார்க்காதீர்கள், எந்தக் கருவியை எந்த உள்ளீட்டோடு கூப்பிட்டது என்ற பதிவைப் பாருங்கள். கருவியைத் தொடாமலே சரியான விடை சொல்லியிருந்தால் அது தோல்வி என்றே குறித்துக்கொள்ளுங்கள். இன்று தற்செயலாகச் சரியாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

பொறிக் கேள்விகள் கொஞ்சம் வேண்டும். 'ஏஇசிவியரிட்டி என்ற மாறியின் கட்டாய நிலை என்ன?' என்று கேளுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் அது எட்டு எழுத்தைத் தாண்டுகிறது. எஸ்ஏஎஸ் பரிமாற்றக் கோப்பின் ஐந்தாம் பதிப்பு விதித்த பழைய வரம்பு காரணமாக எஸ்டிடிஎம் மாறிப் பெயர்கள் எட்டு எழுத்துக்கு மேல் போகா, ஆகவே அப்படியொரு மாறி இருக்கவே முடியாது. 'இல்லை, ஏஇசெவ் என்பதைக் கேட்கிறீர்களா?' என்று ஏஜென்ட் திருப்பிக் கேட்டால் விளக்கம் வேலை செய்கிறது. பதிப்பைச் சொல்லாமல் ஆர்ம்சிடியைப் பற்றிக் கேளுங்கள். பதிப்பைக் கேட்காமல் விடை சொன்னால் உள்ளீட்டு விளக்கத்தை மறுபடி எழுதுங்கள். இணைப்பைத் துண்டித்துவிட்டும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பலரும் விட்டுவிடும் சோதனை இது.

விளக்கத்தில் ஒரு சொல்லை மாற்றினாலும் இந்தக் கேள்விகளை மறுபடி ஓட்ட வேண்டும். விளக்கத்தை நிரலோடு ஒரே களஞ்சியத்தில், ஒரே பதிப்பெண்ணோடு வைத்துக்கொள்வது இதற்கு உதவும். அடியில் இருக்கும் மாடல் மாறும்போதும் மறுபடி ஓட்டுங்கள்.

புதிய சொற்றொகுதி வெளிவந்த வாரத்திலும் ஒருமுறை ஓட்டுங்கள். புதிய தேதிக்கான கேள்விகளில் விடை மாறினால் வெளியீட்டுக் குறிப்பைப் பார்த்துக் கேள்வித்தாளைத் திருத்திக்கொள்ளலாம். பழைய தேதியைக் குறிப்பிட்டுக் கேட்ட கேள்வியின் விடை மாறியிருந்தால் விளக்கத்தில் கை வைக்காதீர்கள். கருவிக்குள் எங்கோ ஓரிடத்தில், கொடுத்த தேதியைப் புறக்கணித்துவிட்டு 'சமீபத்தியதை' எடுக்கும் ஒரு வரி இருக்கிறது. நிரலைத் திறந்து அதைத் தேடுங்கள்.